பின்ரூமுக்குக் கரண்ட்

மார்ச் 17, ஞாயிறு

கோயமுத்தூர் போய்விட்டு வந்தேன். போகும்போது இருந்த துள்ளல் திரும்பும்போது இல்லை.

மகள் சங்கவிக்கு இது எட்டாவது மாதம். அடுத்த மாதம் 21ஆம் தேதி வளைகாப்பு. வளையல் போட்ட கையோடு பெண்ணை முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவதுதான் வழக்கம். அதைப் பேசி முடித்துவிடலாம் என்று போனேன். மாப்பிள்ளை பிரதாப்பின் அத்தை நாச்சம்மாள் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா காலமான பிறகு அந்த வீட்டில் நல்லது கெட்டதுக்கு அத்தை வைத்ததுதான் சட்டம்.

"தாய் வீடுன்னா அங்க தாய் இருக்கோணுமல்லங்க? நீங்க ஒண்டியாளு. புள்ளத்தாச்சிய எங்கீங்க படுக்க வெப்பீங்க? சமையக்கட்டுலயா?" என்றார்.

எத்தனை வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்று எத்தனை பேர் வாய்க்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இன்றைக்குக் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சம்மந்தியம்மா தெய்வாத்தாள் முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளி, "பின்னால ஒரு ரூம் கட்டீட்டு இருந்தீங்களே, அது என்னாச்சுங்ணா?" என்று கேட்டார். குத்திக் காட்டத்தான் கேட்டிருப்பார்.

அந்த ரூமுக்குச் சுவர் இருக்கிறது, கதவு இருக்கிறது, குளியலறை இருக்கிறது. கரண்ட் மட்டும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் என் மனைவி ருக்மணி இறந்ததும் வேலையை அப்படியே நிறுத்தினேன். அதை மென்று விழுங்கிச் சொன்னேன்.

"கரண்டில்லாத ரூமுல, சித்திரை வெயில்ல, புள்ளைய வேக வெக்கறதா?" என்றார் நாச்சம்மாள். "சித்திரை ஒண்ணாந்தேதி நான் வந்து பாக்கறேன். ரூம் சரியா இருந்தா அனுப்பறோம். இல்லீன்னா பிரசவம் இங்கயேதான்."

கேட் வரைக்கும் சங்கவி வந்தாள். "நான் நம்மூட்டுக்குத்தான் வருவனுங்ப்பா" என்றாள். சின்னப் பிள்ளையில் சந்தைக்கடை மிட்டாய்க்கு நிற்பாளே, அதே முகம். அந்த முகத்துக்காக நான் மலையைக்கூடப் பெயர்ப்பேன். ஒரு ரூமுக்கு ஒயர் இழுக்க மாட்டேனா?

மார்ச் 18, திங்கள்

கரண்ட் வேலை செய்யும் செந்திலைப் பார்த்தேன். மாரியம்மன் நோம்பி வருகிறது. திருவிழாவுக்கு ஊரெல்லாம் சீரியல் லைட் போடுகிறான். "நாளைக்குக் காலைல வந்தர்றனுங்க" என்றான்.

மார்ச் 19, செவ்வாய்

வரவில்லை. மாவு அரைத்தேன்.

மார்ச் 22, வெள்ளி

வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. உடுமலைப்பேட்டையில் கரண்ட் வேலை தெரிந்த அத்தனை பேரும் ஏதோ ஒரு கோயில் கோபுரத்தின் மேல் இருக்கிறார்கள். ஒருவன்கூடக் கீழே இறங்குவதாக இல்லை.

மார்ச் 24, ஞாயிறு

வழி கிடைத்துவிட்டது!

செல்போனில் 'வீட்டு ஒயரிங் செய்வது எப்படி' என்று கேட்டதும் ஒரு வெள்ளைக்காரர் வந்து நின்றார். கட்டம் போட்ட சட்டை, இடுப்பைச் சுற்றிச் சாமான் தொங்கும் பெல்ட். வாய் இங்கிலீஷில் அசைகிறது, குரல் தமிழில் வருகிறது. எதைச் சொன்னாலும் 'நண்பர்களே' என்றுதான் ஆரம்பிக்கிறார். அவருக்கு நண்பர்களே துரை என்று பெயர் வைத்திருக்கிறேன்.

"நண்பர்களே, கறுப்புக் கம்பியில்தான் மின்சாரம் வருகிறது. அதை மகிழ்ச்சியுடன் சுவிட்சுக்குள் செலுத்துங்கள்" என்றார். ஒயரிங்கை மகிழ்ச்சியுடன் செய்யச் சொன்ன முதல் ஆள் இவர்தான். செந்தில் வேலை செய்யும்போது கூடவே திட்டிக்கொண்டும் இருப்பான்.

சில இடங்களில் மட்டும் துரை கொஞ்சம் முன்னே பின்னே பேசுகிறார். "உங்கள் மரச்சுவரைத் தட்டிப் பாருங்கள்" என்கிறார். எனக்கு இருப்பது செங்கல் சுவர். வீட்டுக்கு நூற்றிருபது வோல்ட் வருகிறது என்கிறார். என் மீட்டரில் இருநூற்று முப்பது என்று போட்டிருக்கிறது. குரல் கொடுத்தவர் அரைத் தூக்கத்தில் படித்திருப்பார். மற்றபடி தெளிவான மனிதர். ஒரே பாடத்தை மூன்று தடவை பார்த்தேன்.

மார்ச் 27, புதன்

கடையில் சிவப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று சுருள் ஒயர் வாங்கி வந்தேன். துரையிடம் இருப்பது கறுப்பும் வெள்ளையும். நமக்கு வெள்ளைக்குப் பதில் சிவப்பு போலிருக்கிறது. பண்டிகைக்குச் சட்டை எடுக்கிற மாதிரி ஊருக்கு ஒரு நிறம்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கை வைக்கிறேன். இதில் விளையாட்டில்லை.

மார்ச் 29, வெள்ளி

சுவருக்குள் பதித்த பைப்பில் ஒயரை நுழைப்பது இரண்டு ஆள் வேலை. ஒருவர் தள்ள வேண்டும், ஒருவர் இழுக்க வேண்டும். நான் இந்த முனையில் ஒரு தள்ளு, ஓடிப்போய் அந்த முனையில் ஒரு இழுப்பு. கூட்டமான பஸ்ஸில் முன் படிக்கும் பின் படிக்கும் ஓடியவனுக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஒயர் பாதியில் சிக்கியபோது தேங்காய் எண்ணெய் தடவினேன். வழுக்கிக்கொண்டு வந்தது. ரூம் முழுக்க இப்போது தலைக்கு எண்ணெய் வைத்த வாசனை.

ரொம்ப நாளைக்குப் பிறகு இன்றைக்குத்தான் பசித்துச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 3, புதன்

மெயின் போர்டில் இருந்து ஒயர் கொடுத்தேன். சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு, பச்சையோடு பச்சை. பின்ரூமுக்கென்று தனியாக ஒரு பீஸ் கட்டை; அதைக் கழற்றினால் பின்ரூமுக்கு மட்டும் கரண்ட் நின்றுவிடும். சுவிட்சுகளுக்குத் துரை சொன்னபடி கறுப்பு.

பிறகு சாமியைக் கும்பிட்டு மெயினைப் போட்டேன். லைட் சுவிட்சைத் தட்டினால் ஃபேன் சுற்றுகிறது. ஃபேன் சுவிட்சைத் தட்டினால் லைட் எரிகிறது. ஆனாலும் இரண்டும் வேலை செய்கின்றன! நான் செய்த வேலை, என் கையால் செய்த வேலை, தலைக்கு மேலே சுற்றுகிறது. கண்டக்டர் விசிலை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. இருந்திருந்தால் ஊதியிருப்பேன். வாயாலேயே "ரைட், போலாம்!" என்று கத்தினேன். அடுத்த வீட்டு நாய் குரைத்தது.

ஏப்ரல் 4, வியாழன்

லைட்டும் ஃபேனும் அவரவர் சுவிட்சுக்குப் போய்விட்டன.

ஏப்ரல் 7, ஞாயிறு

குளியலறையில் வெந்நீர் போடக் கீசர் மாட்டினேன். பிள்ளை பெற்றவளுக்கும் பிறந்ததற்கும் வெந்நீர் வேண்டுமே. விளக்குமாறு வைத்து மூலை முடுக்கெல்லாம் கூட்டினேன். தொட்டில் கட்டச் சேலை வேண்டும். ருக்மணியின் பீரோவைத் திறந்தேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிட்டேன்.

சாயங்காலம் சம்மந்தியம்மா போன் செய்தார். ஒயரிங் நானே செய்கிறேன் என்று சங்கவி சொல்லிவிட்டாள் போலிருக்கிறது.

"எர்த்துக் குடுத்துட்டீங்ளாங்ணா?"

"குடுத்தாச்சுங்க."

"சுவிச்சுக்கு எந்த ஒயருங்க போவுது?"

"அதெல்லாங் கரெக்டாப் போவுதுங்க."

"ஆராச்சும் தெரிஞ்சவங்கள உட்டு ஒருக்காப் பாத்துட்டீங்கன்னா நல்லதுங்ணா."

சரிங்க சரிங்க என்று வைத்துவிட்டேன். பெண்ணைக் கொடுத்துவிட்டால் ஒயர் என்ன நிறம் என்பதற்குக்கூடப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது! இவர்களுக்கு என் பெண்ணை அனுப்ப மனமில்லை. சாக்குத் தேடுகிறார்கள்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை பிறந்துவிட்டது. ஜெயித்துவிட்டேன்!

பதினோரு மணிக்குக் கார் வந்தது. நாச்சம்மாளும் சம்மந்தியம்மாவும். வெயில் மண்டையைப் பிளந்தது. நாச்சம்மாள் நேராகப் பின்ரூமுக்குப் போய் ஃபேனுக்கு அடியில் கட்டிலில் உட்கார்ந்தார். நான் சுவிட்சைப் போட்டேன். அவருடைய முந்தானை படபடவென்று அடித்துக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று பயந்துபோனேன்.

"காத்து நல்லா வருதுங்க" என்றார் கடைசியில். "சரி, கூட்டீட்டு வாங்க."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெயில் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். பாயசம் கொடுத்தேன். நாச்சம்மாள் இரண்டாம் தடவையும் வாங்கிக் குடித்தார். சம்மந்தியம்மா மட்டும், "சன்னலுக்குத் திரை எவ்வளவு அகலம் வேணும்னு பாத்துட்டு வரேன்" என்று பின்ரூமிலேயே தங்கிவிட்டார். வெகுநேரம் கழித்து வந்தார். முகத்தில் சிரிப்பில்லை. கைப்பையை அணைத்துப் பிடித்தபடி காரில் ஏறினார். அத்தை சரி என்று சொன்னது அவருக்குப் பொறுக்கவில்லை.

கார் போனதும் ஃபேனுக்கடியில் காலை நீட்டலாம் என்று போனேன். ஃபேன் ஓடவில்லை. லைட் எரியவில்லை. கீசரும் செத்துவிட்டது.

ஏப்ரல் 15, திங்கள்

காலையிலிருந்து ஒவ்வொரு சுவிட்சாகக் கழற்றிப் பார்த்தேன். எல்லாம் துரை சொன்னபடியே இருக்கின்றன. 'மின்சாரம் வரவில்லை என்றால்' என்ற பாடத்தைப் போட்டேன். "நண்பர்களே, உங்கள் பெட்டியில் உள்ள நெம்புகோலை மேலே தள்ளுங்கள்" என்கிறார். எங்கள் வீட்டில் நெம்புகோல் ஏது? வளைகாப்புக்குள் இது சரியாகாவிட்டால் சங்கவி அங்கேயே இருந்துவிடுவாள். சோறு வைக்கவில்லை.

மத்தியானம் மெயின் போர்டின் முன்னால் நின்று வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. பின்ரூமின் பீஸ் கட்டை அங்கே இல்லை. குழி மட்டும் இருக்கிறது. கீழே தேடினேன், கட்டிலுக்கு அடியில் தேடினேன், குப்பையைக் கொட்டித் தேடினேன். தங்கச் செயினா, திருடன் தூக்கிக்கொண்டு போக?

நாலு மணிக்குப் போன் அடித்தது. சம்மந்தியம்மா.

"அண்ணா, பீஸ் கட்டையத் தேடாதீங்க. அது என்ற பைல இருக்குது."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஏனுங்க, என்ற புள்ள என்ற ஊட்டுக்கு வரக்கூடாதுன்னு அவ்வளவு தூரம் முடிவு பண்ணீட்டீங்ளா?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை.

"பிளக்கு சுவிச்ச அமத்தீட்டு டெஸ்டர் வெச்சுப் பாத்தனுங்ணா. அப்பவும் எரியுது. லைட்டுக்கும் அப்படித்தான். அமத்துனாலும் கரண்டு உள்ளயே நிக்குதுங்க. ஈரக் கையோட புள்ள பல்பத் தொட்டுட்டாள்னா?"

போனைக் காதில் வைத்தபடியே பின்ரூமுக்குப் போய் அந்தச் சுவிட்சுகளைப் பார்த்தேன்.

"நாச்சம்மா அண்ணி முன்னால சொல்லியிருந்தா, புள்ள வர்றது அன்னிக்கே நின்னிருக்கும். அதனால சொல்லல. நீங்களும் தெரியாம உபயோகிச்சரக்கூடாதுன்னு கட்டையக் கழட்டிப் பைல போட்டுட்டேன். அண்ணி இன்னிக்குத்தான் அவிய ஊருக்குப் போனாங்க. அதுக்கப்புறம்தான் போன் பண்ண முடிஞ்சுது. தப்பா நெனச்சுக்காதீங்க. வியாழக்கெழமை வரேன். ரெண்டு பேருமாச் சரி பண்ணீரலாம்."

என் பிள்ளைக்கு நானே எமனாக இருந்திருப்பேன். நினைக்கவே முடியவில்லை. சம்மந்தியம்மாவை என்னவெல்லாம் நினைத்தேன் என்பதையும் நினைக்க முடியவில்லை.

ஏப்ரல் 18, வியாழன்

முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். ஒரு கையில் பீஸ் கட்டை. இன்னொரு கையில், ஹோல்டரில் பல்பு மாட்டி இரண்டு ஒயர் தொங்கவிட்ட டெஸ்ட் லேம்ப். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "மொதல்ல உங்க வாத்தியாரக் காட்டுங்க" என்றார். போனில் துரையைப் போட்டேன். 'நூற்றிருபது வோல்ட்' வந்த இடத்தில் சம்மந்தியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு நிற்கவே இல்லை.

"இவரு வேற தேசத்துக்காரருங்ணா. அவிய ஊருல கறுப்புல கரண்டு வரும். நம்மூட்டுல செவப்புலதான் வருது. நீங்க போர்டுல நம்மூரு முறையில குடுத்துட்டு, சுவிச்சுல அவரு முறையில குடுத்திருக்கறீங்க. சுவிச்சு, கரண்டு திரும்பிப் போற வழியத்தான் அடைக்குது. வர்ற வழி தெறந்தே கெடக்குது."

கோயமுத்தூர் போகிற பஸ்ஸுக்குப் பழனி போர்டு மாட்டிய கதைதான். டிக்கெட் கிழித்தவனுக்கு அது உடனே புரிந்தது.

மெயினை அணைத்தோம். கட்டிலில் உட்கார்ந்து டெஸ்ட் லேம்ப்பை மடியில் வைத்துக்கொண்டு, "நீங்களே மாத்துங்க" என்றார். "நீங்க மாத்துனாச் சுருக்கா முடியுமேங்க" என்றேன். "நாளைக்கு எதாச்சும் ஆனா நானா கோயமுத்தூர்ல இருந்து ஓடியாருவேன்?" என்றார். ஒவ்வொரு சுவிட்சாகக் கழற்றிச் சிவப்பை மாட்டினேன். முடித்துவிட்டுப் பீஸ் கட்டையைச் சொருகி மெயினைப் போட்டோம். சுவிட்சை அணைத்துவிட்டு அவர் டெஸ்டரை வைத்தார். எரியவில்லை. ஒரு விளக்கு எரியாததற்கு என் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

இதெல்லாம் எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். கோயமுத்தூர் கணபதியில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டிக்கொண்டிருந்தாராம். பிரதாப் வேலைக்குப் போன பிறகுதான் நின்றாராம். இரண்டு வருஷமாகச் சம்மந்தி. நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மத்தியானம் ரசமும் பொரியலும் வைத்தேன். சாப்பிடும்போது அவராகச் சொன்னார். "பிரதாப்பு வயித்துல இருந்தப்ப, வளைகாப்பு முடிஞ்சு கூட்டீட்டுப் போக எங்கூட்டுல ஆருமே வல்லீங்ணா. அம்மா அதுக்கு முன்னாலயே போயிட்டாங்க. அப்பனும் எட்டிப் பாக்கல. பேக்கைக் கட்டி வெச்சுட்டு வாசல்ல உக்காந்திருந்தேன். நீங்க அன்னிக்கு வந்து கேட்டப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுங்ளா?"

அவருக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன். குடித்துவிட்டு, "செந்தில்னு ஒருத்தரு இருக்கறாரல்லங்க, நோம்பி முடிஞ்சதும் அவரையும் பாக்கச் சொல்லுங்க. நானும் மோட்டாருக்காரிதான், ஊட்டு ஒயரிங்குக்காரி இல்ல" என்றார்.

ஏப்ரல் 20, சனி

செந்தில் வந்தேவிட்டான்! எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தான். ஒரு இடத்தில் மட்டும் டேப் சுற்றினான். "ஆருங்க செஞ்சது?" என்றான். "நானும் என்ற சம்மந்தியம்மாளும்" என்றேன். நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

நாளைக்கு வளைகாப்பு. சட்டைக்கு இஸ்திரி போட்டேன். கட்டிலுக்குப் புது விரிப்பு. ருக்மணியின் பீரோவைத் திறந்து தொட்டிலுக்கு நீலச் சேலையை எடுத்து வைத்தேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

வளைகாப்பு அமோகமாக நடந்தது. சங்கவிக்கு இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையல். அசைந்தால் கலகலவென்று ஒரே சத்தம். சாப்பாடு முடிந்ததும் காரில் கிளம்பினோம். நானும் மாப்பிள்ளையும் முன்னால், சங்கவியை நடுவில் உட்கார வைத்து நாச்சம்மாளும் சம்மந்தியம்மாவும் பின்னால். வழியெல்லாம் நான் கீசரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன்.

கேட் முன்னால் இறங்கி, சாவியை எடுத்துக் கதவைத் திறந்தேன். "வா சாமி, உள்ள வா" என்றேன்.

"அப்படியே எப்படிங்க வருவா?" என்றார் நாச்சம்மாள். "ஆரத்தி எடுக்க வேண்டாமா? ஆரு எடுக்கறாங்க?"

லைட்டு, ஃபேனு, கீசர், பிளக்கு, ஜன்னல் திரை, கட்டில் விரிப்பு எல்லாம் யோசித்தேன். ஆரத்தி எடுக்க எங்கள் பக்கத்தில் ஒரு பொம்பளை வேண்டும் என்பதை மறந்தே போய்விட்டேன். அக்கம்பக்கம் பார்த்தேன். அந்தப் பக்க வீட்டில் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். இந்தப் பக்க வீட்டில் பூட்டு. நிறைமாதக்காரி வெயிலில் நிற்கிறாள். நாச்சம்மாள் என்னையே பார்க்கிறார். 'அங்க தாய் இருக்கோணுமல்லங்க' என்று அன்றைக்குக் கேட்ட கேள்வி அவர் கண்ணில் அப்படியே இருக்கிறது.

சம்மந்தியம்மா சங்கவியின் தலைக்கு மேல் முந்தானையை நிழலாகப் பிடித்தபடி சொன்னார்.

"தாய் ஊட்டுக்குத்தான வந்திருக்கறா? தாய்தானுங்ணா எடுக்கோணும். போய்க் கரைச்சுட்டு வாங்க."

"நானுங்ளா?"

"பின்ன ஆரு?"

நாச்சம்மாள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார், சங்கவியை ஒரு தடவை பார்த்தார். "கற்பூரத்த மறந்தராதீங்க" என்றார்.

ஓடினேன். தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சள் கரைத்து, குங்குமம் போட்டு, வெற்றிலை கிடைக்காமல் வாசலில் நின்ற செம்பருத்தியில் ஒரு இலையைப் பறித்து, அதன் மேல் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு வந்தேன். ஓடுகிற பஸ்ஸில் ஒரு பிடியும் பிடிக்காமல் நின்றவனுக்கு ஒரு தட்டைப் பிடிக்க முடியவில்லை. தண்ணீர் சட்டையெல்லாம் சிந்தியது.

சுற்றினேன். "அப்பா, அந்தப் பக்கமாச் சுத்துங்க" என்றாள் சங்கவி. சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர் வழிகிறது. அந்தப் பக்கமாகச் சுற்றினேன். தட்டில் விரலைத் தொட்டு அவள் நெற்றியில் பொட்டு வைத்தேன். சம்மந்தியம்மா சுற்றிப்போட்டு வெளியே கொட்டச் சொன்னார். கொட்டினேன்.

"இப்பக் கூப்பிடுங்க" என்றார் நாச்சம்மாள்.

"வா சாமி" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை, ஸ்டாப்பில் நிற்கிற ஜனங்களுக்குக் கேட்கிற மாதிரி, பெருங்குரலில் கூப்பிட்டேன். வளையல் குலுங்க வலது காலை எடுத்து வைத்து, என் மகள் தாய் வீட்டுக்குள் வந்தாள்.